மறுநாள் முதல் டிரிப்

திண்டுக்கல் நாகல் நகரில் அந்தோணிமுத்து என்று ஒருவர் இருந்தார். அறுபதுகளில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், "நடந்தே போவாரே, அவருதானே?" என்பார்கள். செம்பட்டியில் கல்யாணம் என்றாலும் நடை, வத்தலக்குண்டில் சாவு என்றாலும் நடை. தோளில் துண்டும் கையில் சோற்றுத் தூக்குமாக வெள்ளென எழுந்து கிளம்பி, இருபது மைல் நடந்து, பந்தியெல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேருவார். பக்கத்திலேயே பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். பழைய பழக்கத்தில் கண்டக்டர்கள் தலையை வெளியே நீட்டி, டிக்கெட் வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள் என்று கூப்பிடுவார்கள். அவர் ரோட்டை விட்டு இறங்கி வேலியோரம் நின்றுகொள்வார். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மறுபடி நடப்பார்.

கஞ்சன் என்று சொன்னவர்கள் உண்டு. கிறுக்கு என்று சொன்னவர்கள் அதிகம். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பகலெல்லாம் ஒரு பூட்டுப் பட்டறையில் உட்கார்ந்து சாவிக்கு அரம் போடுவார், சாயங்காலம் வீட்டுக்கு வருவார், அவ்வளவுதான் அவர் பிழைப்பு. ஆனால் அந்த மனிதர் பன்னிரண்டு வருசம் இதே வத்தலக்குண்டு ரோட்டில் பஸ் ஓட்டியவர். சும்மா ஓட்டியவர் இல்லை, ராசா மாதிரி ஓட்டியவர். அவரை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கியது எது என்று ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தப்பாகத்தான் தெரிந்து வைத்திருந்தார்கள்.

யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி போட்டு ஓடினவே, அந்த நாளில் மீனலோசனி பஸ் சர்வீஸில் கிளீனராகச் சேர்ந்தவர் அவர். பஸ்ஸின் பின்னால் தொங்கும் கரி அடுப்பை மூட்டி, விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போய், யுத்தம் முடிந்த கையோடு லைசென்ஸ் எடுத்தார். முதலாளி பெருமாள்சாமி அவரை வத்தலக்குண்டு ரோட்டில் போட்டார். திண்டுக்கல்லில் கிளம்பி, செம்பட்டி, சேவுகம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போய்த் திரும்ப வேண்டும். செம்பட்டி டீக்கடைக்காரர் அடுப்பில் பாலை ஏற்றுவது கடிகாரத்தைப் பார்த்து இல்லை, அந்தோணிமுத்து வண்டியைப் பார்த்து.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு ஒரு பெருமையும் இருந்தது. அது அவருடைய ஹாரன். ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன். சேவுகம்பட்டிக்கு முந்தின புளியமரத்து வளைவு வந்தால் இரண்டு நீளம், ஒரு குட்டை என்று அழுத்துவார். அந்தச் சத்தம் கேட்டதும் தோட்டங்காடுகளில் நிற்கிற பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து ரோட்டோரம் வரிசையாக நிற்கும். அவர் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். பிள்ளைகளும் சல்யூட் வைக்கும். கண்டக்டர் மலைச்சாமி பின்னாலிருந்து, "கவர்னரு போறாரு, வழி விடுங்கப்பா" என்று கேலி பண்ணுவார். ஒரு நாளைக்கு ஆறு தடவை இந்தக் கூத்து நடக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருசம் ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, சாயங்கால டிரிப். வளைவில் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ஓரமாக நின்றது. அந்தோணிமுத்து வேகத்தைக் குறைத்தார், வழக்கம்போல ஹாரனை அழுத்தினார். எதிர்ப்பக்கத்துக் கத்தரித் தோட்டத்தில் அம்மாவோடு நின்ற பொன்னழகு என்ற ஏழு வயசுப் பெண்பிள்ளை, வரிசைக்குப் பிந்திவிடக் கூடாதே என்று ஓடி வந்தது. வைக்கோல் வண்டி மறைத்ததில் பஸ்ஸும் அதற்குத் தெரியவில்லை, அதுவும் பஸ்ஸுக்குத் தெரியவில்லை. பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை அங்கேயே போய்விட்டது.

போலீஸ் வந்தது. வைக்கோல் வண்டிக்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார். சேவுகம்பட்டி ஆட்களே டிரைவர் மேல் தப்பில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளையின் தாய் ஜக்கம்மாள்கூட அவரை ஒரு வார்த்தை வையவில்லை. புருசன் இல்லாதவள், அந்த ஒரு பிள்ளைதான் அவளுக்கு. பின்னால் கோர்ட்டும் அவரை விட்டுவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று மற்ற டிரைவர்கள் அவர் தோளில் தட்டினார்கள். யார் தலைக்கு வந்தது, யார் தலைப்பாகையோடு போனது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை.

அந்தப் பிள்ளை ஏன் ஓடி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. போலீஸும் கேட்கவில்லை, வக்கீலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தோணிமுத்து சொல்லியிருப்பார். நான் கூப்பிட்டேன், அது வந்தது.

முதலாளி பெருமாள்சாமியைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். செய்தி வந்த அரை மணி நேரத்தில் சேவுகம்பட்டிக்குப் போய் நின்றார். பிள்ளையை எடுத்து அடக்கம் பண்ணுகிற செலவெல்லாம் தன் பொறுப்பு என்றார், ஜக்கம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். டிரைவருக்கு மதுரையிலிருந்து நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்தார். ஒரு பைசா அவர் சம்பளத்தில் பிடிக்கவில்லை. தொழிலாளி என்றால் அவருக்குப் பிள்ளை மாதிரிதான்.

ரத்தம் பட்ட வண்டிக்கும் செய்ய வேண்டியதைச் செய்தார். நாற்பத்தேழாம் நம்பர் வண்டி அது. ஷெட்டுக்குள் கொண்டுவந்து மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்தார்கள். ஓட்டியவர் வேதக்காரர் ஆச்சே என்று மாதா கோயில் சாமியாரையும் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார் முதலாளி. பதினோரு நாள் அந்த வண்டியை யாரும் தொடக்கூடாது, அதற்கும் அதிர்ச்சிதானே, ஆறட்டும் என்றார். புதுப் பெயின்டுக்கும் சொல்லிவிட்டார்.

இரும்புக்குப் பதினோரு நாள். ஓட்டின மனிதருக்கு எத்தனை நாள் தெரியுமா? ஒரு ராத்திரி.

மீனலோசனி கம்பெனியில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. யார் வண்டியில் அடிபட்டு யார் விழுந்தாலும், மறுநாள் முதல் டிரிப் அதே டிரைவர்தான், அதே ரோட்டில்தான் எடுக்க வேண்டும். விட்டால் கை கூசிப்போகும் என்பது முதலாளியின் சித்தாந்தம். அவர் பஸ் வாங்கும் முன்னே பாரவண்டி ஓட்டியவர். மிரண்டு வண்டியைக் குடைசாய்த்த மாட்டை அன்றைக்கே அதே இடத்தில் பூட்டி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வரும்போதெல்லாம் மிரளும். மாட்டுக்கு அது சரி. மாடு, தான் யாரைக் கூப்பிட்டோம் என்று நினைத்துப் பார்க்காது. மாட்டுக்குச் சொன்ன வைத்தியத்தை மனிதனுக்குச் செய்கிறோமே என்று முதலாளிக்கும் தோன்றவில்லை, டிரைவர்களுக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால் அந்தோணிமுத்துவுக்கே தோன்றவில்லை. மூன்று வருசம் முன்னால் பொம்மையன் என்ற டிரைவர் ஒரு கிழவரை இடித்துவிட்டு வந்தபோது, மறுநாள் எழுப்பிக் கூட்டிவந்து சீட்டில் ஏற்றிவிட்டது இவர்தான். பொம்மையன் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை. வழக்கம் சரிதான் என்று எல்லாரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே மறுநாள் காலையில் அந்தோணிமுத்து ஷெட்டுக்கு வந்தார். மெக்கானிக் அப்துல் சுக்கூர் வேறொரு வண்டியின் சாவியை அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். முதலாளி வாசலிலேயே நின்று திருநீறு பூசி அனுப்பினார். வண்டி போய்த் திரும்பியது. பார்த்தாயா, சிங்கம் என்றார் முதலாளி.

எட்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் புளியமரத்து வளைவில் முன்சக்கரத்துக்கு அடியில் ஏதோ அகப்பட்ட மாதிரி அவருக்கு இருந்தது. பிரேக்கை மிதித்து, இறங்கி, முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தார். புழுதிதான். ஏறி ஓட்டினார். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இறங்கிப் பார்க்காமல் கால் கிளச்சை விட மாட்டேன் என்கிறது. ஆறு டிரிப்பும் அந்த வளைவு வரும், ஆறு தடவையும் இறங்குவார். ஒரு மாதத்தில் முன்சக்கரம் போதாமல் பின்சக்கரத்தையும் பார்க்க ஆரம்பித்தார்.

ஹாரனை அவர் கை தொடவே இல்லை. ஹாரன் அடிக்காமல் அந்த ரோட்டில் எப்படி வண்டி ஓட்டுவது? மலைச்சாமி படிக்கட்டில் தொங்கிக்கொண்டு விசில் ஊதியும் தகரத்தைத் தட்டியும் மாட்டுவண்டிகளை விலக்குவார்.

மலைச்சாமியைப் போல ஒரு கூட்டாளி கிடைப்பது அபூர்வம். அதுவே வினையாகவும் போனது. ஜனங்கள் ஏன் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்ததும் அவர் ஒரு தகர டின்னில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார். வளைவு வந்து டிரைவர் இறங்கியதும் இவரும் டின்னோடு இறங்கி, ரேடியேட்டர் மூடியைத் துணியால் திருகித் திறந்து தண்ணீர் ஊற்றுவார். வண்டி கொதிக்குதுங்க, செத்த நேரம் பொறுங்க என்பார். எல்லாரும் நம்பினார்கள். முதலாளி காதுக்கும் அப்படித்தான் போனது. உடனே பழைய ரேடியேட்டரைக் கழற்றிப் புதுசு போடச் சொல்லிவிட்டார். மனுசனுக்கு வந்த நோய்க்கு வண்டிக்கு மருந்து. மலைச்சாமி மட்டும் அன்றைக்கு வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் கதை வேறாகப் போயிருக்கும். ஆனால் ஒரு டிரைவர் பயந்துவிட்டான் என்று வெளியே தெரிந்தால் அவன் பேர் என்ன ஆவது என்றுதான் அவர் நினைத்தார். நல்ல எண்ணத்தில்தான் மூடி மறைத்தார்.

சுக்கூர் பாயை ஏமாற்ற முடியவில்லை. கழற்றிய ரேடியேட்டரைப் புரட்டிப் பார்த்தார், இதில் டீ போடக்கூடத் தண்ணீர் கொதித்திருக்காதே என்றார். அந்தோணிமுத்துவைத் தனியே அழைத்து உட்கார வைத்துக் கேட்டார். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக அந்த ஹாரனைப் பற்றி ஒருத்தரிடம் சொன்னார். இரண்டு நீளம், ஒரு குட்டை. சொல்லி முடிப்பதற்குள் சட்டையெல்லாம் வேர்த்து நனைந்துவிட்டது. பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இது எங்கையில இல்ல அந்தோணி. மொதலாளி கையில இருக்கு. ரோட்டை மாத்திக் கொடுக்கச் சொல்லு. இல்லாட்டி ஒரு மாசம் ஷெட்டுல எங்கூட இரு, ஸ்பேனரு பிடி. கொஞ்சம் ஆறட்டும்."

அவ்வளவுதான் அந்தோணிமுத்துவுக்கு வேண்டியிருந்தது. அந்த ரோட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். நத்தம் ரோடு, வேடசந்தூர் ரோடு, எதுவானாலும் சரி. ஒரு வாய்ச்சொல், டூட்டிப் பலகையில் சாக்பீஸால் ஒரு பேரை அழித்து இன்னொரு பேர் எழுத வேண்டும். ஆனால் அதைப் போய்க் கேட்க வாய் வர வேண்டுமே. பொம்மையன் ஓட்டினானே, உனக்கு என்ன என்று நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது? கேட்கப் போவார், முதலாளி அறை வாசல்வரை போவார், செருப்பைக்கூடக் கழற்றுவார். பிறகு மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். இப்படி ஐந்து தடவை.

ஆயுத பூசை வந்தது. ஷெட்டில் எட்டு பஸ்ஸும் கழுவித் துடைத்து வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்றன. முதலாளி சந்தனமும் குங்குமமுமாகச் சந்தோசத்தில் இருந்தார். இன்றைக்குக் கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்க மாட்டோம் என்று அந்தோணிமுத்து அவர் பக்கத்தில் போனார். இருபது பேர் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பொரி கேட்டார், ஒருத்தர் சூடத்தட்டு எங்கே என்றார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவர் குனிந்து மெல்லச் சொன்னார்.

"மொதலாளி, என்னைய அந்த ரோட்டுல இருந்து எடுத்துருங்க. அந்த எடம் வந்தா எனக்கு முடியல. வேற எங்ஙனயாச்சும் போட்டுருங்க."

பெருமாள்சாமி கேட்டார். கேட்காமல் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரோடு என்னப்பா பண்ணும் ஒன்னைய? எல்லாம் மனசுதேன். மனசத் தெடமா வச்சுக்க." பிறகு அவருக்கு ஏதோ நல்ல யோசனை தோன்றிவிட்டது. தைரியம் குறைந்தவனுக்கு நாலு பேர் முன்னால் மரியாதை செய்தால் தைரியம் வந்துவிடும் இல்லையா? எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். நம்ம கம்பெனியில் ஆள் அடிபட்டு மறுநாளே வண்டி எடுத்த ஆம்பளை இவன் என்றார். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்ற நாற்பத்தேழாம் நம்பர் வண்டியின் முகப்பிலிருந்து ஒரு மாலையை எடுத்து அந்தோணிமுத்துவின் கழுத்தில் போட்டார். அந்த வண்டியின் சாவியையும் அவர் கையில் கொடுத்தார். இனி இது உன் வண்டி, உன்னைத் தவிர யாருக்கும் தரமாட்டேன் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சுக்கூர் பாய் மட்டும் தட்டவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் முதலாளியிடம் பேச்செடுத்துப் பார்த்தார், நீ வண்டியைப் பாரு பாய், ஆளை நான் பார்த்துக்கிறேன் என்று பதில் வந்தது.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். ரத்தம் பட்ட அதே வண்டி, ரத்தம் சிந்தின அதே ரோடு, ஒரு நாளைக்கு ஆறு தடவை.

வீட்டில் அவர் பெண்சாதி இஞ்ஞாசியம்மாள் எல்லாவற்றையும் கவனித்தாள். சாப்பிட உட்கார்ந்தால் அவரால் இப்போது சம்மணம் போட முடியவில்லை. வலது கால் தானாக நீண்டு தரையை அழுத்தும், பிரேக்கை மிதிக்கிற மாதிரி. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்கும். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் ஆறிப்போகும். பத்து நாள் லீவு போடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். மாலை போட்டுச் சாவி கொடுத்திருக்கிறாரே, இப்போது எந்த முகத்தோடு லீவு கேட்பது என்றார் அவர். அவள் கோயிலில் பூசை வைத்தாள். சாமியார் தலையில் கைவைத்து மந்திரித்தார். சுக்கூர் பாய் தர்காவில் ஓதிய கயிறு கொண்டுவந்து கட்டினார். மலைச்சாமி குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தார். அவரவரிடம் இருந்ததை அவரவர் கொடுத்தார்கள். முதலாளியிடம் இருந்தது மட்டும் வரவில்லை.

தை மாதம் ஜக்கம்மாள் பஸ் ஏறினாள். பிள்ளை போன பிறகு அவள் அந்தப் பஸ்ஸில் கால் வைக்கவில்லை. கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் சுமந்து பக்கத்துச் சந்தைக்கே நடந்துகொண்டிருந்தாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. திண்டுக்கல்லில்தான் காய்க்கு விலை, காலையில் திண்டுக்கல் போக அந்த நேரத்துக்கு அந்த ஒரு வண்டிதான். டிரைவருக்குப் பின்னால் பெண்கள் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அந்தோணிமுத்து கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

சேவுகம்பட்டியை விட்டு வண்டி கிளம்பி இரண்டு நிமிசத்தில் வளைவு வந்தது. அவள் இருக்கிறாளே, இன்றைக்கு ஒரு நாள் இறங்காமல் போய்விட வேண்டும் என்று பல்லைக் கடித்தார். கால் கேட்கவில்லை. இறங்கினார், குனிந்தார், பார்த்தார். மலைச்சாமி டின்னோடு ஓடினார். ஜக்கம்மாள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதே. நான்காம் நாள் திண்டுக்கல்லில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவள் கூடையோடு உட்கார்ந்தே இருந்தாள். மலைச்சாமி வந்து என்னம்மா என்று கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை, டிரைவரிடம்தான் பேசினாள்.

"அண்ணே, ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீங்க எறங்கிக் குனியிறப்பல்லாம் எம்மக இன்னொரு வாட்டி சக்கரத்துக்குள்ள கெடக்கா. என்னால பாக்க முடியலண்ணே. வேற ரோட்டுக்குப் போயிரக் கூடாதா?"

அந்தோணிமுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "நாந்தேன் தாயி அதைக் கூப்பிட்டேன்" என்றார். ஹாரனை அவரால் கை நீட்டிக் காட்டத்தான் முடிந்தது. அவளுக்குப் புரிந்தது. அந்த வளைவுச் சத்தத்தைக் கேட்காத பிள்ளை ஊரில் உண்டா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை வளைவில் வண்டி நின்றது. இறங்கினார், பார்த்தார், எழுந்தார். திரும்ப ஏறப் போகவில்லை. ரோட்டோர மைல் கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். மலைச்சாமி ஒரு டின் தண்ணீர் ஊற்றினார், வயல் வாய்க்காலில் மொண்டு வந்து இன்னொரு டின்னும் ஊற்றினார். ரேடியேட்டர் நிரம்பி வழிந்து ரோட்டில் ஓடியது. நாற்பது பேர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். மலைச்சாமி அவர் முன்னால் குத்தவைத்து, அண்ணே எழுந்திருங்க, ஆளுக பாக்குறாகண்ணே என்று காலைப் பிடித்தார். அவர் தன் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டிக் கம்பெனி பஸ் வந்தது, ஜனங்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு அதில் மாறி ஏறினார்கள். ஜக்கம்மாளும் ஏறினாள்.

அவள் காய் மண்டிக்குப் போகவில்லை. விசாரித்து விசாரித்து நேரே மீனலோசனி ஷெட்டுக்குப் போனாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கூடையோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் பெருமாள்சாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நஷ்டஈடு கேட்டு வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அவள் கேட்டது வேறு.

"அந்த அண்ணனை அந்த ரோட்டுல விடாதீக மொதலாளி. எம்மக ஒரு வாட்டி செத்தா. அவுக தெனமும் சாகுறாக."

சக்கரம் பார்ப்பதும், ஹாரனும், தண்ணீர் டின்னும், எல்லாம் அவள் வாயிலிருந்துதான் முதலாளிக்குத் தெரிய வந்தது. இத்தனை வருசம் தன் உப்பைத் தின்ற ஆளைப் பற்றிக் கத்தரிக்காய் விற்க வந்தவள் சொல்லித் தெரிந்துகொண்டார். காரை எடுக்கச் சொல்லி அவரே வளைவுக்குப் போனார். மைல் கல்லில் உட்கார்ந்திருந்தவரைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றி, வழியெல்லாம் அவர் தோள்மேல் கை போட்டபடி வீட்டில் கொண்டுபோய் விட்டார். அன்று சாயங்காலமே டூட்டிப் பலகையில் வத்தலக்குண்டுக்கு நேரே இருந்த அந்தோணிமுத்துவின் பேரைத் தன் கையால் அழித்து நத்தத்துக்கு நேரே எழுதினார். ஒரு வாரம் ஓய்வு என்றும் சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து அந்தோணிமுத்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஷெட்டுக்கு வந்தார். வாசல்வரை இஞ்ஞாசியம்மாளும் கூட வந்தாள். நத்தம் வண்டி தயாராக நின்றது. இது வேறு வண்டி, அது வேறு ரோடு, அந்த வளைவு இனிக் கிடையாது. அவர் முகத்தில்கூடக் கொஞ்சம் தெளிவு இருந்தது என்று பின்னால் மலைச்சாமி சொன்னார். ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். வண்டி உறுமியது.

ஷெட்டுக்குள்ளேயே, ஒரு அடி நகரும் முன்னே, அவர் இறங்கிவிட்டார். சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஏறினார். மறுபடி இறங்கினார். மூன்றாவது தடவை ஏறியவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், வரவில்லை. அந்த வளைவு இப்போது சேவுகம்பட்டியில் இல்லை, எங்கே வண்டி கிளம்பினாலும் அங்கே இருந்தது. சுக்கூர் பாய் வந்து இன்ஜினை அணைத்தார். மலைச்சாமி டின்னைத் தேடிக்கூடப் போகவில்லை. வாசலில் நின்ற இஞ்ஞாசியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெருமாள்சாமி டிரைவர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். அவர் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை, அந்த மனிதருக்கு அது வராது.

"இம்புட்டையும் உள்ளுக்குள்ளேயே வச்சு மருகியிருக்கியேப்பா. முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தோணிமுத்துவுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர் முதலாளியைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சொன்னேனே மொதலாளி."

"எப்பப்பா?"

"எனக்கு மாலை போட்டீகளே, அன்னைக்கு."